சாவி இல்லாத மூடி

— மறுபடியும் சொல்றேன் பாப்பா, பிளக்ல தப்பே இல்ல. பானெட்ட மூடு, நான் கிளம்பறேன்.

— அப்பா, நீங்க இந்த லோடு வேனை ஓட்டுறவர். ரிப்பேர் பார்க்கறது நான். என் ஒர்க்‌ஷாப்புல வந்து நின்னுட்டு எனக்கே பாடம் எடுக்கறீங்களா?

— பதினேழு வருஷமா இவன் முதுகுல வீட்டுச் சாமான் ஏத்தறேன். ஊர்ல பாதிப் பேரை வீடு மாத்தி வச்சது நாங்க ரெண்டு பேரும்தான். இவன் இருமினா எதுக்கு இருமறான்னு எனக்குத் தெரியாதா?

— எதுக்கு இருமறான்? சொல்லுங்களேன்.

— வயசாயிருச்சு, இருமறான். அதான் சங்கதி.

— இதுக்குத்தான் நான் ரெண்டு வருஷம் படிச்சேனா? ஸ்டார்ட் பண்ணுங்க. ஆக்ஸிலேட்டர மிதிக்காதீங்க, சும்மா ஓடட்டும். உஷ்... கேக்குதா? ஒழுங்கா ஓடுது, ஓடுது, டப்னு ஒண்ணு முழுங்குது. இதோ, மறுபடியும். மிஸ்ஸிங் நல்லாவே அடிக்குது. போதும், ஆஃப் பண்ணுங்க.

— எனக்கு ஒண்ணும் கேக்கல. பக்கத்துல அந்த இரும்புக் கடைக்காரன் காதைக் கிழிக்கறான்.

— கேட்டுச்சு உங்களுக்கு. முகத்துலயே தெரியுது. அப்பா, அண்ணன் நாலு மணிக்கு வரான்.

— வரட்டுமே. அவன் என்ன பெரிய கலெக்டரா?

— சாவிய வாங்கிட்டுப் போகத்தான் வரான். நடுச்சந்தியில வண்டி நின்னப்போ உள்ள உட்கார்ந்திருந்தது அவன் பொண்ணு. ரெண்டு பக்கமும் லாரி. அவன் இன்னும் சரியா தூங்கல.

— என் பேத்தியும்தான் அவ. எனக்கு மட்டும் தூக்கம் வருதா? பேசினது பேசினதுதான். தப்பு வண்டிமேலன்னா நீ சரி பண்ணிக் குடு, சாவி எனக்கு. தப்பு என்மேலன்னா சாவி அவனுக்கு. நாளைக்கு அந்த டீச்சரம்மா வீடு மாத்தறாங்க. பீரோ, கட்டில், மூணு மூட்டை புத்தகம். நான் வரேன்னு வாக்கு குடுத்திருக்கேன்.

— டீச்சரம்மா போன வாரமே வீடு மாத்திட்டாங்கப்பா. நீங்கதான் ஏத்திட்டுப் போனீங்க.

— அது வேற டீச்சர்.

— சரி. வேற டீச்சர். கொஞ்சம் நகருங்க, வெளிச்சத்த மறைக்கறீங்க. ரேடியேட்டர் மூடிய திறக்கறேன். ஐயோ, பாதி காலியா இருக்கு! காலையில தண்ணி ஊத்தினீங்களா இல்லையா?

— ஊத்தாம இருப்பனா? விடிஞ்சதும் முதல்ல இவனுக்குத் தண்ணி, அப்புறம்தான் எனக்குக் காபி. தெருவே சொல்லும். நீ கலந்து பாட்டில் பாட்டிலா அடைச்சுக் குடுக்கறியே, அந்தப் பச்சைக் கலர் கூலன்ட் தண்ணி. தினமும் ஒரு பாட்டில்.

— வாட்டர் பம்ப் கசியுது, மாத்திடலாம்னு போன வருஷமே தலைப்பாடா அடிச்சுக்கிட்டேன்.

— அரை லிட்டர் தண்ணிக்காக இஞ்சினப் பிரிக்கணுமா? நான் குடிக்கறேன், அவன் குடிக்கக் கூடாதா?

— என் தப்புதான். பாட்டில நிரப்பித் தந்து தந்து உங்களைக் கெடுத்தது நான். ஆனா இப்போ கணக்கு இடிக்குதேப்பா. பம்ப் சொட்டறது ஒரு நாளைக்கு அரை லிட்டர் கூட வராது. நீங்க தினமும் ஊத்தினா இது நிறைஞ்சு நிக்கணும். கீழ பாருங்க, தரையில குளம் கட்டியா இருக்கு? நாலஞ்சு சொட்டுதான். அப்போ மிச்சத் தண்ணி எங்க போகுது?

— ஆவியாயிருக்கும்.

— ஒரு நிமிஷம் இருங்க. இருங்க இருங்க. ஹெட் கேஸ்கெட்!

— என்னது?

— இஞ்சினுக்குள்ள பெட்ரோல் எரியற இடத்துக்கும் தண்ணி ஓடற இடத்துக்கும் நடுவுல ஒரு தகடு இருக்குல்ல? அது ஓட்டை விழுந்திருந்தா தண்ணி உள்ள இறங்கிடும். தண்ணியும் குறையும், எரியாம மிஸ்ஸிங்கும் அடிக்கும். ரெண்டு வியாதிக்கும் ஒரே காரணம். அப்பா, அப்படி மட்டும் இருந்துட்டா தப்பு வண்டிமேல!

— நான்தான் அப்பவே சொன்னேனே!

— நீங்க எங்க சொன்னீங்க? வயசாயிருச்சுன்னு சொன்னீங்க. கேஸ்கெட் போகக் கூடாதுன்னு எல்லாரும் சாமி கும்பிடுவாங்க. போயிருக்கணும்னு கும்பிடறவ நான் ஒருத்திதான்.

— எனக்காகத்தானே கும்பிடற. கும்பிடு, கும்பிடு.

— அந்த டார்ச்சப் பிடிங்க. நாலு பிளக்கையும் வரிசையா வைக்கறேன். தண்ணி இறங்கின சிலிண்டரோட பிளக் மட்டும் கழுவிவிட்ட மாதிரி வெள்ளையா இருக்கும். எது வெள்ளையா இருக்கு?

— எதுவும் இல்ல. நாலும் அண்ணன் தம்பி மாதிரி ஒரே நிறம்.

— ம். சரி, ஆயில் பார்ப்போம். தண்ணி கலந்திருந்தா பால் ஊத்தின மாதிரி வெளுத்திருக்கும்.

— தெரியும் தெரியும். அந்தக் காலத்துல என் பழைய வண்டி ரெண்டுக்கும் கேஸ்கெட் போயிருக்கு. அந்த ஆயில் ஸ்டிக்க என்கிட்ட காட்டு. அடடா, தேன் மாதிரி இருக்கே பாப்பா!

— கொண்டாங்க. ஆமா. தேன் மாதிரிதான் இருக்கு.

— அதுக்கு ஏன் மூக்கைச் சிந்தற?

— சிந்தல. தூசி. இந்தக் காத்து பம்ப்ப ரேடியேட்டர் வாயில மாட்டி அடிக்கறேன், மீட்டர் முள்ளு நிக்குதான்னு பாருங்க. கேஸ்கெட் போயிருந்தா மளமளன்னு இறங்கும்.

— நிக்குது.

— இன்னும் கொஞ்ச நேரம் பாருங்க.

— எவ்வளவு நேரம்மா பார்க்கறது? கண்ணு வலிக்குது. துளியூண்டு இறங்கியிருக்கு, அவ்வளவுதான்.

— அது வாட்டர் பம்ப் கசிவு. வேற எங்கயும் போகல. ஸ்டார்ட் பண்ணுங்க, ரேடியேட்டர்ல குமிழ் வருதான்னு பார்க்கறேன்... வரல. ஒண்ணு கூட வரல. ஆஃப் பண்ணுங்கப்பா.

— என்ன பாப்பா, என் வண்டி நல்லா இருக்குன்னு சொல்லிட்டு இழவு வீட்டுல உட்கார்ந்த மாதிரி உட்கார்ந்துட்ட?

— இஞ்சின் ரொம்ப நல்லா இருக்குப்பா. இன்னும் பத்து வருஷம் ஓடும். அதான்.

— அப்போ எதுக்கு மிஸ்ஸிங்?

— தெரியல. மிச்சம் இருக்கறது பெட்ரோல் லைன்தான். ஃபில்டர்கிட்ட கழட்டி ஒரு கண்ணாடி பாட்டில்ல பிடிக்கறேன். சிகரெட் இருந்தா தூரமாப் போய் நில்லுங்க.

— விட்டு ஆறு வருஷமாச்சு. நீதான பிடுங்கி எறிஞ்ச?

— அது மட்டும் நல்லா ஞாபகம் இருக்கு. இதோ வருது. அப்படியே ஆடாம வைங்க, கொஞ்சம் தெளியட்டும். அப்பா! பாருங்க, ரெண்டாப் பிரியுது! மேல நிக்கறது பெட்ரோல், கீழ நிக்கறது தண்ணி. பெட்ரோல்ல தண்ணி!

— பங்க்காரன்! தண்ணி கலந்துட்டான் படுபாவி! போன வாரம் அங்க நிரப்பறப்பவே எனக்கு ஒரு சந்தேகம்.

— கலந்திருப்பான். கண்டிப்பா கலந்திருப்பான். மழைத் தண்ணி இறங்கியிருக்கும் அவன் டேங்க்ல. அப்போ தப்பு உங்க மேலயும் இல்ல, வண்டிமேலயும் இல்ல. டேங்கக் கழுவிட்டா தீர்ந்துது. அண்ணன் வரட்டும், மூஞ்சிக்கு நேரா இந்த பாட்டிலக் காட்டறேன். எவ்வளவு இருக்குன்னு வாசல்ல வெயில்ல வச்சுப் பார்க்கறேன்...

— என்ன, அங்கேயே நின்னுட்ட?

— ஒண்ணுமில்ல.

— எவ்வளவு இருக்கு?

— அப்பா, டேங்க் மூடிக்குப் பூட்டு இருக்குல்ல? சாவி யார்கிட்ட இருக்கும்?

— என் சட்டைப் பையில. ஒண்ணே ஒண்ணுதான். இன்னொண்ணு தொலைஞ்சு எத்தனையோ வருஷமாச்சு.

— யார்கிட்டயாவது குடுத்தீங்களா? வண்டி கழுவற பையன், லோடு இறக்கறவன், யாராவது?

— என் சாவிய நான் எதுக்கு அடுத்தவன்கிட்ட குடுக்கறேன்?

— உங்களைப் பிடிக்காதவங்க யாராவது? வம்புக்கு டேங்க்ல எதையாவது ஊத்தற ஆளு?

— ஊர்ல ஒருத்தன் வீட்டு பீரோ மேல ஒரு கீறல் விட்டது கிடையாது நான். என்னைப் பிடிக்காதவன் யாரு? ஏன் இதெல்லாம் கேக்கற?

— கீழ நிக்கற தண்ணி பச்சையா இருக்குப்பா.

— பாசி பிடிச்ச தண்ணியாட்டம் இருக்கு. பங்க்காரன் டேங்கு எந்தக் காலத்துல கழுவினானோ.

— இருக்கலாம். அப்பா, எனக்காக ஒண்ணு செய்யறீங்களா? விடிஞ்சதும் வண்டிக்குத் தண்ணி ஊத்துவீங்கல்ல, அத அப்படியே செஞ்சு காட்டுங்க.

— இதுல காட்ட என்ன இருக்கு?

— சும்மாதான். நீங்க எப்படிச் செய்யறீங்கன்னு பார்க்கணும்போல இருக்கு.

— வேலை வெட்டி இல்ல உனக்கு. சரி, பார்த்துக்க. கதவைத் திறக்கறேன். சீட்டுக்குப் பின்னாடி உன் பாட்டில் ஆறு வரிசையா இருக்கும், ஒண்ண எடுக்கறேன். குலுக்கறேன். நல்லாக் குலுக்கணும்னு நீதான சொன்ன? குலுக்கியாச்சு. அப்புறம் "எழுந்திருடா தம்பி"ன்னு இவனை ரெண்டு தட்டு. அப்புறம் இந்தப் பக்கமா வந்து, பையில இருந்து சாவிய எடுத்து...

— சாவி எதுக்குப்பா?

— இது என்ன கேள்வி? மூடியத் திறக்க வேணாமா?

— அப்பா. ரேடியேட்டர் மூடிக்குச் சாவி கிடையாதே.

— ஆமால்ல.

— நீங்க வண்டியோட பக்கவாட்டுல நிக்கறீங்கப்பா. அது பெட்ரோல் டேங்க்.

— தெரியுது, தெரியுது. நீ பக்கத்துல நின்னு நொய்நொய்னு பேசிட்டே வந்தியா, கை தவறிப் போயிருச்சு.

— ஆமாப்பா. நான்தான் பேச்சுக் குடுத்துட்டேன்.

— தினமும் இப்படியா செய்வேன்? ஒழுங்காத்தான் ஊத்தறேன்.

— இல்லப்பா, தினமும் இல்ல. ஒரு நாள் நல்லா ஓடி ஒரு நாள் மிஸ் ஆகுதுன்னா, நிறைய நாள் சரியாத்தான் ஊத்தியிருக்கீங்க. பாட்டிலக் குடுங்க. அப்படியே அந்த ஸ்டூல்ல உட்காருங்க. தண்ணி குடிக்கறீங்களா?

— மணி என்ன?

— நாலாகப் போகுது.

— அவன்கிட்ட என்ன சொல்லப் போற?

— உள்ளதைத்தான்பா சொல்லணும்.

— சொல்லு. சொல்லத்தான் வேணும். பேசினது பேசினதுதான்.

— வந்துட்டான். அது அவன் நடைதான்.

— என்னம்மா ஸ்பேனர் தங்கச்சி, கண்டுபிடிச்சியா? அப்பா, முறைக்காதீங்க. நான் சண்டைக்கு வரல. நேராப் பேசறேன், ரெண்டுல ஒண்ணு தெரியணும். இனிமே என் குழந்தைய அந்த வண்டியில ஏத்த மாட்டேன். உங்களையும் ஏத்த விடமாட்டேன். பெத்த அப்பாவ ரோட்டுல பறிகொடுக்க என்னால முடியாது.

— அண்ணா, கத்தாத. முதல்ல உட்காரு.

— உட்கார வரல. சொல்லு, தப்பு யார்மேல?

— வண்டிமேல.

— என்ன சொல்ற?

— ஹெட் கேஸ்கெட் போயிருச்சு. போனதோட விடல, ஹெட்டே விரிசல் விட்டிருக்கு. தண்ணியெல்லாம் உள்ள இறங்குது. அதான் அன்னைக்குச் சந்தியில நின்னுச்சு. யார் ஓட்டியிருந்தாலும் நின்னிருக்கும்.

— அப்போ அப்பா...

— அப்பாமேல ஒரு தப்பும் இல்ல. இஞ்சின் செத்துப்போச்சுண்ணா. சரி பண்ண முடியாது. இனி இந்த வண்டி ஓடாது.

— அடக் கடவுளே. நான் என்னென்னவோ பேசிட்டேனே. அப்பா, உங்களுக்குக் கண்ணு தெரியல, புத்தி பேதலிச்சுப்போச்சுன்னு வீட்டுல எல்லார் முன்னாடியும் கத்தினேன். ஒரு வார்த்தை திருப்பிப் பேசாம சாப்பிட்டுட்டு எழுந்து போனீங்க. மன்னிச்சுடுங்கப்பா.

— விடுப்பா. பிள்ளையப் பத்தின பயம் உனக்கு.

— இல்லப்பா, விட முடியாது. பேச்சுன்னா பேச்சு. ஸ்பேனர், வேற இஞ்சின் எங்க கிடைக்கும்? நான் ஏற்பாடு பண்றேன்.

— கிடைக்காதுண்ணா. இந்த மாடல் வர்றதே நின்னுபோச்சு.

— அப்போ வேற வண்டி. நீயே நல்லதாப் பார்த்து எடு. அப்பாவுக்கு வண்டி இல்லன்னா கை ஒடிஞ்ச மாதிரி இருக்கும்னு எனக்குத் தெரியாதா?

— வேணாம்ண்ணா.

— ஏன் வேணாம்? இத்தனை நாளா அப்பாவுக்கு வக்காலத்து வாங்கினது நீதான. இப்ப நான் வாங்கித் தரேன்னா வேணாம்ங்கற?

— கொஞ்சம் சும்மா இரேன்.

— எதுக்கு அழற நீ?

— டேய், அவளை விடு. வண்டியோட சின்னதுல இருந்து வளர்ந்தவ, அழத்தான் செய்வா. நான் சொல்றேன் கேளு. எனக்கு இன்னொரு வண்டி வேணாம்.

— அப்பா, கோபமா?

— கோபம் இல்லடா. இவன் பதினேழு வருஷம் உழைச்சான், நான் அதுக்கு மேல உழைச்சேன். ரெண்டு பேரும் ஒண்ணா உட்கார்ந்துக்கறோம். இந்தா சாவி. ரெண்டும் இதுலயே இருக்கு, ஸ்டார்ட் பண்றது, டேங்க் மூடியோடது. பத்திரமா வச்சுக்க.

— இப்படிக் குடுக்கறப்போ வாங்கவே கை வரமாட்டேங்குதுப்பா.

— வாங்கிக்க. காரை எங்க விட்டிருக்க?

— முனையில. வாசல்ல லாரி நிக்குது.

— கொண்டு வா. எனக்கு இன்னைக்கு நடக்கத் தெம்பு இல்ல.

— சரிப்பா. அஞ்சு நிமிஷம். ஸ்பேனர், பார்த்துக்க.

— போயிட்டானா?

— போயிட்டான்பா.

— பாப்பா, இங்க வா. கையக் காட்டு. எவ்வளவு அழுக்கு. இந்தத் துணியில துடை.

— அப்பா, நான்...

— கேஸ்கெட் போன வண்டி ரெண்டு ஓட்டியிருக்கேன்னு சொன்னேன்ல? நீ காட்டின ஸ்டிக்க நானும்தான பார்த்தேன்.

— அவன் முன்னாடி சொல்ல வாய் வரலப்பா. உங்க முகத்தப் பார்த்துட்டு எப்படிச் சொல்லுவேன்?

— நீ சொல்லலன்னா நான் சொல்லணும்ல? அன்னைக்குச் சந்தியில வண்டி தானா நிக்கல, கண்ணு. நான்தான் நிறுத்தினேன்.

— என்னப்பா சொல்றீங்க?

— எந்தப் பக்கம் திரும்பினா வீடுன்னு தெரியல. ஆயிரம் தடவை திரும்பின இடம். புதுசா பார்க்கற ஊர் மாதிரி இருந்துச்சு. பின்னாடி நிக்கறவன் எல்லாம் ஹாரன் அடிக்கறான். ஏன் தாத்தா நின்னுட்டோம்னு குட்டி கேட்டா. வண்டி ரிப்பேர்டா செல்லம்னு சொன்னேன். அப்புறம் இவனும் நிஜமாவே இருமினானா, பரவாயில்ல, ரிப்பேர்தான் போலன்னு நானும் நம்பிட்டேன். நம்பறதுக்கு நல்லா இருந்துச்சு.

— டாக்டர்கிட்ட போகலாம்பா. நாளைக்கே போகலாம். நான் கடைய மூடிட்டு வரேன்.

— போகலாம்.

— எனக்குப் பயமா இருக்கு.

— எனக்கும்தான். அழாத. உங்க அண்ணன்கிட்ட இன்னைக்கே நீ எல்லாத்தையும் சொல்லிடு, அவன்கிட்ட மறைச்சா தாங்க மாட்டான். வண்டிய இங்க வச்சுக்காத. பம்ப்ப மாத்தி, டேங்கக் கழுவி, நல்லா ஓட்டறவன் கையில குடுத்து வேற ஊருக்கு அனுப்பிடு. பக்கத்துல எங்கயாவது ஓடினா, சத்தத்த வச்சே நான் கண்டுபிடிச்சுடுவேன்.

— இவ்வளவு தெளிவாப் பேசறீங்களேப்பா. ஒருவேளை ஒண்ணுமே இல்லாமக் கூட இருக்கலாம்.

— இப்ப தெளிவா இருக்கு, அதான் இப்பவே சொல்றேன். கார் வந்துருச்சு போல, கிட்ட வா. சாவிய நான் குடுத்தது காலையில எனக்கு ஞாபகம் இருக்காது. வீடு பூரா தேடிட்டு உனக்குத்தான் போன் பண்ணுவேன், திட்டுவேன், என் சாவியத் திருடிட்டீங்கன்னு அழுவேன். என்கிட்ட உண்மையச் சொல்லிடாத பாப்பா. இன்னைக்குச் சொன்னியே, தப்பு வண்டிமேலதான்னு, அதையே சொல்லு. ஒவ்வொரு நாளும் அப்பத்தான் முதல் தடவையா சொல்ற மாதிரி சொல்லு.